குமிழ் நாலில்தான் இருந்தது

குளிர் என்று ஒன்று இந்த உலகத்தில் கிடையவே கிடையாது.

விஞ்ஞானி இதை அறிவித்தபோது சமையலறையில் அவனைத் தவிர ஆறு பேர் நின்றிருந்தார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. ஆறில் இரண்டு பேர் புது ஃபிரிட்ஜை ஆளுக்கொரு பக்கம் தாங்கிப் பிடித்தபடி, எங்கே இறக்குவது என்று காத்திருந்தவர்கள்; அவர்களுக்குச் சிரிக்க மூச்சு இல்லை. மற்ற நால்வரும் அம்மா, அப்பா, அக்கா, அக்காவைக் கட்டிய மாமா. அவர்களுக்கு இது பழகிப்போயிருந்தது.

"இருக்கிறது வெப்பம் மட்டும்தான்," என்று அவன் தொடர்ந்தான். "வெப்பம் வெளியே போனப்புறம் மிச்சம் இருக்கே, அதுக்கு நாம வெச்சிருக்கிற செல்லப்பேருதான் குளிர். இந்தப் பெட்டி குளிரைத் தயார் பண்ணுதுன்னு யாராவது நெனச்சா, அது மூடநம்பிக்கை."

"தம்பி, கை நோவுது," என்றார் தூக்கி வந்தவர்களில் மூத்தவர்.

ஒன்பது வயதில் சுவர்க் கடிகாரத்தைப் பிரித்துப் போட்டு, திரும்ப மாட்டத் தெரியாமல், "நேரம்னு ஒண்ணே கிடையாதும்மா" என்று சொன்ன நாளிலிருந்து அவனுக்கு விஞ்ஞானி என்று பெயர். இப்போது கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. பெயர் வைத்தவர்கள் கேலியாக வைத்தார்கள். வாங்கிக்கொண்டவன் பட்டமாக வாங்கிக்கொண்டான். அதில்தான் சிக்கலே.

பெட்டி வந்ததற்குக் காரணம் விஞ்ஞானம் அல்ல, பாப்பா. அக்கா நகரப் பேருந்து ஓட்டுகிறவள். ஆறு வருஷம் கிடைத்த வண்டியை எல்லாம் ஓட்டி, கடைசியில் ஆற்றுப் பாலம் வழியாகப் போகிற நல்ல தடம் ஒன்று அவள் பெயருக்கு வந்தது. வந்த மூன்றாம் மாசம் பேறுகால விடுப்பில் இறங்கினாள். அந்த விடுப்பு ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. திங்கள் காலை ஆறு மணிக்கு அவள் டிப்போவில் நிற்காவிட்டால், தடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பால் கொடுக்க முடியாது. பாப்பாவோ பவுடர் பாலைக் கண்டாலே வாயைப் பூட்டிக்கொள்ளும் ரகம். ஆகவே அக்கா தன் பாலையே எடுத்துப் புட்டியில் சேர்த்து வைக்க வேண்டும். நாலு டிகிரிப் பக்கத்தில் வைத்தால் நாலு நாள் கெடாது என்று செவிலி சொல்லியிருந்தாள். உறைய வைக்கவும் வழியில்லை. ஒரு தடவை உறைய வைத்து உருக்கிக் கொடுத்த பாலைப் பாப்பா அம்மாவின் முகத்திலேயே திருப்பித் தந்துவிட்டது. பழைய ஃபிரிட்ஜ் இந்த நேரம் பார்த்து உயிரை விட்டிருந்தது.

இன்று செவ்வாய். கையில் ஆறு நாள்.

"படிக்கட்டுல சாய்ச்சுத் தூக்கினோம். நாலு மணி நேரம் இப்படியே நிக்கட்டும், அப்புறம் சுவிட்சைப் போடுங்க," என்றார் மூத்தவர், இடுப்பைப் பிடித்துக்கொண்டு. "பின்னாடி ஒரு சாண் இடம் விடுங்க."

நாலு மணி நேரம் ஏன் என்று விஞ்ஞானி வீட்டாருக்கு விளக்கினான். கம்ப்ரஸரில் எண்ணெய் இருக்கிறது, சாய்த்ததில் அது குழாய்க்குள் ஓடியிருக்கும், இறங்கி வர நேரம் வேண்டும். எல்லாம் சரியாகவே சொன்னான். ஆனால் ஒரு சாண் விட்டால் ஃபிரிட்ஜ் கதவு சமையலறைக் கதவில் இடித்தது. அவன் அளவு நாடாவை எடுத்தான், ஒரு கண்ணை மூடினான், "இது வடிவியல் பிரச்சினை," என்றான், பெட்டியைச் சுவரோடு சுவராகத் தள்ளி ஒட்டினான்.

பிறகு உள்ளே தலையை விட்டான். மேல் தட்டுக்குப் பின்னால், விளக்கின் பக்கத்தில், ஒரு சிறு குமிழ். ஒன்றிலிருந்து ஏழு வரை எண்கள். ஒன்று என்றால் என்ன, ஏழு என்றால் என்ன என்று எங்கும் எழுதவில்லை. கூட வந்த கையேட்டில் எழுதியிருந்தது. கையேடு பேப்பரோடு பேப்பராக மடித்து அலமாரிக்குப் போயிருந்தது, ஏனென்றால் கையேடு படிப்பது புரியாதவர்களின் வேலை.

அவன் குமிழை நாலில் வைத்தான்.

"நடு எண். இதுலதான் இருக்கும். இனிமே யாரும் இதைத் தொடக் கூடாது. ஏன் சொல்றேன்னா, ரெண்டு பேர் தொட்டா எதனால எது நடந்துச்சுன்னு கடவுளாலகூடச் சொல்ல முடியாது."

நால்வரும் தலையாட்டினார்கள். இந்த வீட்டில் தலையாட்டுவது சம்மதம் அல்ல, பேச்சை முடித்துவைக்கும் உபாயம். இருபது வருஷமாக அங்கேயே சாப்பிட்டுத் தூங்கி எழுந்தும் விஞ்ஞானிக்கு இது தெரியவில்லை.

புதன்கிழமை காலை அவன் நடுத்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து அதில் வெப்பமானியை நிறுத்தினான். நாலு டிகிரி காட்டியது. அக்கா முதல் இரண்டு புட்டிகளை உள்ளே வைத்தாள். விஞ்ஞானி கல்லூரிக்குப் போகிற வழியெல்லாம் ஒரு மாதிரி மிதந்துகொண்டே போனான்.

மாலை வந்து பார்த்தான். பன்னிரண்டு டிகிரி.

குமிழைப் பார்த்தான். நாலில்தான் இருந்தது.

"யாராவது கதவைத் திறந்து போட்டுட்டுப் போனீங்களா?"

"நாங்க ஏன்டா திறந்து போடப் போறோம்?" என்றாள் அம்மா. "உள்ளே இருக்கிற உன் வெப்பம் வெளியே வந்து எங்களைச் சுடவா?"

வியாழக்கிழமை காலை டம்ளர் தண்ணீரின் மேல் கண்ணாடி மாதிரி ஒரு படலம். விரலால் தட்டினான், டொக் என்றது. பூஜ்யம் டிகிரி. குமிழ் நாலில்தான் இருந்தது. அன்று மாலை ஒன்பது. குமிழ் நாலில்தான் இருந்தது.

விஞ்ஞானிக்குத் தலை சுற்றியது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பொருள் அவன் பேச்சைக் கேட்காமல், தன் பேச்சையும் சொல்லாமல், இரண்டுங்கெட்டானாக நின்றது. மின்சாரம் ஏறி இறங்குகிறதோ என்று சந்தேகப்பட்டான். மாமா ஆலையில் மின்பிரிவில் வேலை பார்க்கிறவர். வேலை முடிந்து வந்த மனுஷனைக் கூப்பிட்டு மீட்டரைப் பிடிக்கச் சொன்னான். மாமா பிடித்தார். மின்சாரம் ஒழுங்காகத்தான் வந்தது.

"நல்லாத்தான் இருக்கு தம்பி," என்றார் மாமா, சொன்னதற்கே மன்னிப்புக் கேட்கிறவர் போல.

மாமா அப்படிப்பட்டவர். குழந்தை பிறந்ததிலிருந்து மாமனார் வீட்டில் தங்கியிருந்தார். ஐந்து மாசமாகியும், அவர் குழாயைத் திறந்தால் தண்ணீர்கூடச் சத்தம் போடாமல்தான் விழும்.

கதவு ரப்பர் சரியில்லையோ என்று அடுத்த சந்தேகம். ஒரு தாளைக் கதவில் வைத்து மூடி இழுத்துப் பார்த்தான். தாள் வரவில்லை. அப்பா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் லாரி ஓட்டி ஓய்ந்தவர் அவர்.

"என்னடா, வரி கட்டச் சொல்லி நோட்டீஸ் ஒட்டுறியா?"

"ரப்பரைச் சோதிக்கிறேன்பா."

"புது வண்டிடா அது. புது வண்டி கொஞ்ச நாள் அப்படித்தான் முரண்டு பிடிக்கும். விட்டுப் பிடிக்கணும்."

அவர் சொன்னதில் ஓர் ஒப்புதல் வாக்குமூலம் ஒளிந்திருந்தது. விஞ்ஞானியின் காதில் அது ஏறவில்லை. அவன் தாளை எட்டாவது இடத்தில் வைத்து இழுத்துக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை காலை எல்லாம் வெட்ட வெளிச்சமாகிவிட்டது. அக்கா ஃபிரிட்ஜைத் திறந்தாள். எட்டுப் புட்டிகள் சேர்ந்திருந்தன. எட்டும் கல்லாக உறைந்திருந்தன. ஒன்றை எடுத்து வெந்நீரில் வைத்து உருக்கி முகர்ந்தாள். முந்தின நாள் பகலெல்லாம் வெதுவெதுப்பில் கிடந்து புளித்த பால், இரவில் உறைந்திருக்கிறது.  ஒவ்வொரு புட்டியாக உருக்கித் தொட்டியில் கவிழ்த்தாள். இரண்டு நாள் உட்கார்ந்து உட்கார்ந்து சேர்த்தது. எட்டாவது புட்டிக்கு மட்டும் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாள்.

பிறகு டிப்போவுக்குப் போன் போட்டாள். விடுப்பை நீட்டிக்க முடியுமா என்று கேட்டாள். நீட்டிக்கலாம், ஆனால் தடத்துக்கு ஆள் வரிசையில் நிற்கிறது என்றார்கள்.

"திங்கள் காலை சொல்றேன்," என்று வைத்துவிட்டாள். நாற்காலி முதுகில் தேய்த்துப் போட்டிருந்த காக்கிச் சட்டையை எடுத்து அலமாரிக்குள் மாட்டினாள்.

விஞ்ஞானி இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றான். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் வெப்ப இயக்கவியலின் விதிகள். அதில் ஒன்றுகூட இந்தச் சட்டைக்குப் பொருந்துவதாக இல்லை.

"அக்கா, நான் கண்டுபிடிச்சிடுவேன்க்கா."

"குளிரே இல்லைன்னு நீ ஏற்கெனவே கண்டுபிடிச்சாச்சு. அதுவே போதும்டா," என்றாள் அக்கா.

சனிக்கிழமை காலை மெக்கானிக் வந்தார். பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார், அதாவது முக்கால் சுற்று. மீதிக் கால் சுவர். பெட்டியின் பின்பக்கத்துக்குக் கையை நுழைக்கப் பார்த்தார். நுழையவில்லை.

"யாருங்க இதைச் சுவத்துக்குக் கட்டிக் கொடுத்தது?"

எல்லோரும் விஞ்ஞானியைப் பார்த்தார்கள்.

"கதவு இடிச்சுது," என்றான் அவன். "உள்ளே இருக்கிற வெப்பத்தை வெளியே தள்ளுறதுதான் இதோட வேலை, அதனால..."

"தெரியுதுல்ல? வெளியே தள்ளின வெப்பம் எங்கே போய் நிக்கும்? பின்னாடிதான். அதுக்கு நிக்க இடம் கொடுத்தீங்களா?" மெக்கானிக் பெட்டியை ஒரு சாண் முன்னால் இழுத்தார். சமையலறைக் கதவைக் கீலிலிருந்து கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தார். வடிவியல் பிரச்சினை மூன்று நிமிஷத்தில் தீர்ந்தது. "ஆனா இதனால மட்டும் ஒரு நாள் ஐஸும் ஒரு நாள் வெந்நீரும் ஆகாது. வீட்ல யாராவது நம்பரை மாத்துறீங்களா?"

"இல்லையே," என்றாள் அம்மா.

"நான் அந்தப் பக்கமே போறதில்லை," என்றார் அப்பா.

மாமா தலையை ஆட்டினார். ஆமாம் என்றா, இல்லை என்றா என்று ஆட்டியவருக்கே தெரிந்திருக்காது.

"நாலில்தான் இருக்குங்க. தினமும் ரெண்டு வேளை நான் பாக்கிறேன்," என்றான் விஞ்ஞானி.

மெக்கானிக் அழுத்திப் பார்த்தார், காது வைத்துக் கேட்டார், குழாயைத் தொட்டுப் பார்த்தார். "பெட்டியில ஒரு குறையும் இல்லை. வேணும்னா ஒண்ணு பாருங்க. கதவை மூடினா உள்ளே விளக்கு அணையுதான்னு. சிலதுல அணையாது. அது எரிஞ்சிட்டே இருந்தாலும் சூடு வரும்."

மூடின ஃபிரிட்ஜுக்குள் விளக்கு எரிகிறதா என்று எப்படிப் பார்ப்பது? திறந்தால் எரியும். திறக்காவிட்டால் தெரியாது. இந்தக் கேள்வி விஞ்ஞானிக்குப் புது ரத்தம் பாய்ச்சியது. மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் ஒரு காலி பிஸ்கட் அட்டைப்பெட்டியை எடுத்து, ஒரு காசளவு ஓட்டை போட்டு, தன் போனை வீடியோவில் ஓட விட்டு அதற்குள் வைத்தான். அதை விளக்கும் குமிழும் தெரிகிற மாதிரி மேல் தட்டின் ஓரத்தில் நிறுத்தினான். யாரிடமும் சொல்லவில்லை. ஆய்வாளன் பக்கத்தில் நின்றாலே ஆய்வு கெட்டுவிடும் என்று நம்பியவன், செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பினான். மூன்று மணி நேரம் தெருத்தெருவாக நடந்தான். அந்த மூன்று மணி நேரத்தில் பதினோரு கருதுகோள்கள் அவனுக்குத் தோன்றின. பதினொன்றிலும் குற்றவாளி பெட்டிதான்.

சாயங்காலம் கூடத்தில் எல்லோரையும் உட்கார வைத்தான். பாப்பா அக்காவின் மடியில் கட்டை விரலைச் சப்பிக்கொண்டிருந்தது. வீடியோவைத் தொலைக்காட்சித் திரையில் விட்டான்.

திரை முழுக்க இருட்டு.

"விளக்கு அணையுது," என்றான் விஞ்ஞானி, ஏமாற்றத்தோடு. ஒரு கருதுகோள் போயிற்று.

"ஒண்ணும் தெரியலையே," என்றார் அப்பா. "படம் ஆரம்பிக்கலையா?"

வேகமாக ஓட்டினான். இருபதாவது நிமிஷத்தில் திரை பளிச்சென்றது. ஒரு கை உள்ளே வந்தது. இரண்டு கண்ணாடி வளையல், மணிக்கட்டுக்கு மேல் எண்ணெய் தெறித்த பழைய தழும்பு. கை தட்டுக்குப் பின்னால் துழாவியது, குமிழைப் பிடித்தது, நாலிலிருந்து ஒன்றுக்குத் திருகியது. இருட்டு.

 அம்மா புடவைத் தலைப்பில் இல்லாத நூலைத் தேடினாள்.

ஐம்பதாவது நிமிஷம். வெளிச்சம். ஒரு பெரிய கை, கட்டை விரல் நகம் கறுத்துப்போனது. முகமே தெரியவில்லையென்றாலும் முப்பது வருஷம் ஜாக்கி தூக்கிய நகம் அது. கை ஒன்றைப் பார்த்துத் தயங்கியது, இரண்டுக்குத் திருகியது. "ம்," என்று ஒரு திருப்தியான குரலும் பதிவாகியிருந்தது. இருட்டு.

"நீங்க அந்தப் பக்கமே போறதில்லை?" என்றாள் அம்மா.

"நீ மட்டும் கோயிலுக்கா போயிட்டு வந்தே?"

ஒரு மணி இருபது. வெளிச்சம். ஒரு கை வந்தது, திரும்பிப் போனது, சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி வந்தது. ஒரே ஒரு விரல். நோகாமல், பூவைத் திருப்புகிற மாதிரி, குமிழை ஏழுக்குக் கொண்டுபோனது. கதவு மூடுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை.

"ஏங்க!" என்றாள் அக்கா.

மாமா நாற்காலியோடு சேர்ந்து தரைக்குள் இறங்கிவிடலாமா என்று பார்த்தார்.

இரண்டு மணி நேரம். வெளிச்சம். புட்டியைப் பிடித்த ஒரு கை. ஏழைப் பார்த்து விக்கித்து நின்றது. புட்டியைக் கீழே வைத்துவிட்டு ஆறுக்குத் திருகியது, யோசித்தது, ஐந்துக்குத் திருகியது, யோசித்தது, விட்டுவிட்டுப் போனது.

எல்லோரும் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா பாப்பாவின் தலையை மும்முரமாகக் கோதிவிட்டாள்.

கடைசிக் காட்சி வாசல் கேட் சத்தத்தோடு தொடங்கியது. வெளிச்சம் வந்தது, வளையல் வந்தது, மூச்சிரைப்பு வந்தது. "வந்துட்டான், வந்துட்டான்," என்று அம்மாவின் குரல். கை பரபரவென்று குமிழை நாலுக்குக் கொண்டுவந்து நிறுத்தியது. பிறகு டம்ளரில் நின்ற வெப்பமானியைத் துடைத்துக்கூட வைத்தது.

விஞ்ஞானி படத்தை நிறுத்தினான். அவனுக்கு அழுகை வருகிறதா சிரிப்பு வருகிறதா என்று அவனாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"ஏன்மா?"

"ரெண்டு பிள்ளைங்களுக்கு ஜுரம் பார்த்து வளர்த்தவடா நான். நம்பர் இறங்கினா குளிர்ச்சி. பால் நல்லா ஜில்லுன்னு இருக்கட்டுமேன்னு ஒண்ணுல வெச்சேன்."

"ஒண்ணுதான்மா இருக்கிறதுலேயே சூடு!"

"அதை அது மேல எழுதியிருக்கணும்."

"அப்பா?"

"புது இன்ஜினை எடுத்த எடுப்புல விரட்டக் கூடாது. முதல்ல ரெண்டாம் கியர், அப்புறம்தான் மூணு. நீ கடிகாரத்தைப் பிரிச்சுட்டு நேரமே இல்லைன்னு சொன்ன காலத்துல நான் எத்தனை வண்டியைப் பழக்கியிருக்கேன் தெரியுமா?"

மாமா தொண்டையைச் செருமினார். "மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்து பார்த்தா பால் வெதுவெதுன்னு இருக்கும் தம்பி. தினமும் படுக்கப் போகுமுன்ன ஏழுல வெச்சிடுவேன்; இன்னிக்கு லீவு, மத்தியானமே வெச்சுட்டேன். விடிகாலை ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது நாலுக்குத் திருப்பிட்டுப் போயிடுவேன்."

"சொல்லியிருக்கலாமே மாமா!"

"மாமனார் வீடு. எப்படித் தம்பி, ஃபிரிட்ஜ் சரியில்லைன்னு..."

"அக்கா, நீயுமா?"

"எனக்கு ஒண்ணும் புரியலைடா," என்றாள் அக்கா. "ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் ஒரு நம்பர். சரி, நீதான் ஏதோ ஆராய்ச்சி பண்றேன்னு நெனச்சேன்."

"எல்லாரும் அப்படித்தான் நெனச்சோம்," என்றாள் அம்மா.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

அம்மா அவனை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை, கிண்டலும் இல்லை. "என்னன்னுடா கேக்கிறது? பால் குளிரலைன்னா? நீதான் குளிரே கிடையாதுன்னுட்டியே."

விஞ்ஞானி தொலைக்காட்சியை அணைத்தான்.

அப்போது மாமா பேசினார். அவர் அந்த வீட்டில் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியது அதுவே முதல் தடவை. "எங்க ஆலையில ஒரு முறை இருக்கு. ஒரு பலகையில நாலு பேர் வேலை பார்ப்போம். யார் சுவிட்சைத் தொட்டாலும் தொடுறதுக்கு முன்னாடி சத்தமாச் சொல்லணும், எதுலேர்ந்து எதுக்குன்னு. இன்னொருத்தர் அதை அப்படியே திருப்பிச் சொல்லணும். அவர் சொன்னப்புறம்தான் கை வைக்கலாம். திருப்பிச் சொல்ல ஆள் இல்லைன்னா தொடக் கூடாது. இல்லைன்னா ஒருத்தன் அணைச்சதை இன்னொருத்தன் போட்டுடுவான். ஆள் போயிடும்."

"பண்ணுவோம்," என்றாள் அக்கா உடனே.

விஞ்ஞானிக்குப் பொறுக்கவில்லை. அவமானப்பட்டவனுக்கு உடனடியாக ஒரு கிண்டல் தேவைப்படும். "ஏன் மாமா, கூடவே ஒரு மணியும் கட்டிடலாமே? ஒரு ஃபிரிட்ஜுல நம்பர் மாத்த ரைட் ரைட்டுன்னு கூவணுமா? நாலு பேருக்கும் எந்த நம்பர் எதுக்குன்னு சொல்லிக் கொடுத்தா முடிஞ்சுது. இது அறிவியல் இல்லை, ஏலம்."

"ஏலமோ கூலமோ," என்றாள் அக்கா, "என் பாலு. என் வண்டி. கூவுறவங்க கூவுங்க, மத்தவங்க தள்ளி நில்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீடு கூவியது. "நாலுலேர்ந்து அஞ்சு!" என்று அம்மா சமையலறையில் கத்தினாள். "நாலுலேர்ந்து அஞ்சு!" என்று அப்பா குளியலறையிலிருந்து சோப்பு நுரையோடு கத்தினார். அரை மணி கழித்து, "அஞ்சுலேர்ந்து நாலு!" "நாலு!" "முழுசாச் சொல்லுங்க!" "அஞ்சுலேர்ந்து நாலு, போதுமா?" பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, வீட்டை விற்கிறீர்களா என்று விசாரித்தார். மாமாகூட ஒரு தடவை கத்தினார். கத்திவிட்டுத் தானே பயந்துபோய் நின்றார், ஆனால் முகத்தில் ஒரு களை வந்திருந்தது.

விஞ்ஞானி ஒவ்வொரு கூவலுக்கும் கையால் மணி அடித்துக் காட்டினான். ஒருவரும் சட்டை செய்யவில்லை. வெப்பமானி காலை நாலு காட்டியது, மத்தியானம் ஐந்து, மாலை நாலு. அக்கா நாலு புட்டி சேர்த்தாள். அலமாரியிலிருந்து காக்கிச் சட்டை வெளியே வந்தது.

"தற்செயல்," என்றான் விஞ்ஞானி. ஒரு சாண் இடம் விட்டதுதான் காரணம் என்றும் சொன்னான். அதுவும் ஓரளவு உண்மைதான். ஆனால் அதைச் சொல்கிற யோக்கியதை அவனுக்கு இல்லை.

திங்கள் விடிகாலை அக்கா கிளம்பினாள். சட்டை கொஞ்சம் இறுக்கமாகியிருந்தது. பாப்பாவை முகர்ந்தாள், அம்மாவிடம் கொடுத்தாள், வாசலில் நின்றாள், திரும்பி வந்து மறுபடி முகர்ந்தாள். அப்புறம் தம்பியைப் பார்த்தாள்.

"டேய், பதினொண்ணுக்கு ஒரு புட்டி, ரெண்டு மணிக்கு ஒண்ணு. பால் கெட்டுப்போச்சுன்னா டிப்போவுக்குப் போன் போடு. எங்க இருந்தாலும் வண்டியை மாத்தி விட்டுட்டு வந்துடுவேன். ஆனா ஒருவாட்டி வந்துட்டேன்னா, வந்ததுதான், தடம் போச்சு."

அவன் தலையாட்டினான். இந்தத் தடவை அது சம்மதம்தான்.

அன்று அவன் கல்லூரிக்குப் போகவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. மாமா ஷிஃப்டுக்குப் போய்விட்டார். ஒன்பது மணிக்கு அம்மா அப்பாவைக் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். பாப்பா உள்ளறையில் தூங்கியது. விஞ்ஞானி சமையலறையில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தான்.

ஒன்பதரைக்கு ஐந்து டிகிரி. வெயில் ஏறி ஜன்னல் வழியாக நேராகப் பெட்டியின் பக்கவாட்டில் விழுந்தது. பத்துக்கு ஆறு. பெட்டியைத் திறந்து திறந்து பார்ப்பதால்தான் ஏறுகிறதோ என்று திறக்காமல் இருந்தான். திறக்காமல் இருந்தால் ஏறுகிறதா என்று தெரியாது என்பதால் திறந்தான். பத்தேகாலுக்கு ஏழு.

புட்டிகள் நாலும் வரிசையாக நின்றன. ஒன்றை எடுத்து முகர்ந்தான். நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருக்கிற பால் எப்படி மணக்கும் என்று தனக்கு உண்மையில் தெரியுமா என்று யோசித்தான். தெரியாது. இந்நேரம் அக்காவின் வண்டி ஆற்றுப் பாலத்தில் ஏறியிருக்கும்.

குமிழை ஓர் எண் ஏற்றினால் போதும். ஒரே ஒரு எண். கை நீண்டது. குமிழைத் தொடுவதற்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றுவிட்டது.

அவன் ஏற்றுவான். கடைத்தெருவில் யாரிடமாவது பேசிவிட்டு அம்மா வருவாள், ஐந்தைப் பார்ப்பாள், யார் வைத்தது என்று தெரியாமல் நாலுக்கு இறக்குவாள். மாமா மத்தியானம் வருவார், சட்டையில் கையைத் துடைப்பார். துண்டுச் சீட்டு எழுதி ஒட்டலாமா என்று பார்த்தான். இந்த வீட்டில் ஒட்டியிருப்பதை யார் படிக்கிறார்கள்? கூவுவதைத்தான் கேட்கிறார்கள். ஆனால் வீட்டிலோ யாருமில்லை.

விஞ்ஞானி எழுந்து போய்ச் சமையலறை ஜன்னலைச் சாத்தினான். பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேல் தலை எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டான். திரும்பி வந்து பெட்டியின் முன்னால் நேராக நின்றான். தூங்குகிற பாப்பா எழுந்துவிடக் கூடாது என்று குரலைத் தணித்தான்.

"நாலுலேர்ந்து அஞ்சு," என்றான்.

கம்ப்ரஸர் உறுமிக்கொண்டிருந்தது. வேறு பதில் இல்லை. கை குமிழின் மேலேயே இருந்தது, ஆனால் திருகவில்லை. திருப்பிச் சொல்ல ஆள் இல்லையென்றால் தொடக் கூடாது. உள்ளறை வரை போய் எட்டிப் பார்த்தான். பாப்பா வாயைத் திறந்துகொண்டு தூங்கியது. அதை நம்பிப் பயனில்லை.

திரும்பி வந்தான். தொண்டையைச் செருமினான். குரலைக் கொஞ்சம் மாற்றி, ஷிஃப்ட் முடிந்து வந்த மனுஷன் மாதிரி அடக்கமாக, "நாலுலேர்ந்து அஞ்சு," என்று தானே திருப்பிச் சொல்லிவிட்டு, குமிழைத் திருகினான்.